"என்னை ஆரெண்டு தெரியுதோ?"

உடுப்பிட்டி ஞானாம்பிகை ஆச்சிக்கு மூளை கலங்கிவிட்டதாம். பெற்ற மகனையே ஆரென்று தெரியவில்லையாம். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவர்கள் இவ்வளவும் சொன்னார்கள். கோயில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டு நின்றவர்கள் மிச்சத்தைச் சேர்த்தார்கள்: மனுசி வெறுங்காலோடு நெல்லியடி வரைக்கும் நடந்து போனதாம். நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டதை வீட்டோடு வைத்திருந்தீர்களா என்ன?

உண்மைக் கதை வேறு. அது விளங்க வேண்டுமென்றால், எங்கள் ஊர்களில் மழைக்குக் காளான் மாதிரி முளைக்கிற ஓர் இனத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நினைவுச் சோதனைக்காரர்.

வயதுபோன தாயோ தகப்பனோ கிடக்கிற வீட்டுக்கு ஒரு பிஸ்கற் பெட்டியோடு வந்து, கட்டில் விளிம்பில் குந்தி, காது நன்றாகவே கேட்கிற மனிதரிடம் அயல் முழுக்கக் கேட்கிறமாதிரி "என்னை ஆரெண்டு தெரியுதோ?" என்று கத்துவார், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டுவிட்டு, விடை சரியோ என்று தன் போனைத் தட்டிப் பார்ப்பார், சரியென்றால் முகம் வாடிப்போகும், பிழையென்றால் "ஐயோ பாவம்" என்று சொல்கிற வாயின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் வரும். பிறகு மெல்லக் குனிந்து, காணி உறுதிப் பத்திரங்களெல்லாம் எங்கே இருக்கின்றன என்று விசாரிப்பார். மருந்து இருக்கிறதா என்று கேட்பாரா? அது பாடத்திட்டத்தில் இல்லை.

நமது சுதாகரன் இந்த இனத்தில் முதல்தரம். ஞானாம்பிகையின் மூத்த மகன், குடியிருப்பு நெல்லியடியில். தாயைக் குளிப்பாட்டுவதும் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதும் அவருடைய தங்கச்சி உதயகலா. ஆச்சி தனக்குச் சீதனமாக வந்த வீட்டை மகளுக்கே நன்கொடையாக எழுதப்போகிறார் என்று காற்றுவாக்கில் கேட்ட நாளிலிருந்துதான் சுதாகரனுக்குப் பெற்றவள் மேல் பாசம் பொங்கத் தொடங்கியது. சட்டமும் அதோடு சேர்ந்து பொங்கியது. புத்தி தெளிவில்லாதவர் வைத்த கையெழுத்துச் செல்லாது என்று கோர்ட்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஆரோ சொன்ன ஒரு வரி. அதையே தேவாரம் போலப் பாடமாக்கிக்கொண்டு வந்தார்.

போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, நான் ஆர்?"

"தெரியாது." ஆச்சி சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

திரும்பக் கேட்டார். திரும்பவும் தெரியாது. அவருக்குக் கண் கலங்கியது. நெஞ்சுக்குள் கலியாண மேளம் அடித்தது. அந்த ஒலிப்பதிவை உறவுக்கெல்லாம் போட்டுக் காட்டி மூக்கைச் சிந்தினார். கடைசியில் உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்கும் போட்டுக் காட்டினார். அந்த மனிதர் நேரில் வந்து கேட்பதாகவும், மகனைத் தெரியாதென்று ஆச்சி சொன்னால் நன்கொடை உறுதியை எழுதமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

உதயகலாவுக்கு விசயம் தெரியும். மறதியுமில்லை, ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் கதைபேச்சு விட்டால் எப்படி விடுவோம்? ஒழுங்கையில் எதிரே வந்தால் வேலியைப் பார்த்துக்கொண்டு போவோம். அது ஆர் என்று யாராவது கேட்டால், அந்த ஆளே வந்து கேட்டாலும், தெரியாதென்போம். பெற்ற பிள்ளையோடு விட்டாலும் அதே சட்டம்தான். ஆச்சி அதை ஒரு நாளும் மீறினதில்லை.

"ஒருக்கா மட்டும் அண்ணையைத் தெரியுமெண்டு சொல்லணை அம்மா. இல்லாட்டி நாளைக்கு அவர் என்னை வீட்டை விட்டு வெளியிலை விடுவார்."

ஆச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நொத்தாரிசு வந்தார். இரண்டு சாட்சிகள் வந்தார்கள். சுதாகரன் வெள்ளை வேட்டியோடு, அழுது கண் துடைக்க வசதியாக லேஞ்சியும் கொண்டு வந்தார். போனை நேரே நீட்டிக்கொண்டு கேட்டார். "அம்மா, நான் ஆர்?"

உதயகலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பதில் வருவதற்கிடையில் உங்களிடம் ஒரு கேள்வி. போன கிழமை நீங்களும் ஆரோ ஒரு கிழவியின் கட்டிலில் குந்தி இதையே கேட்டீர்களல்லவா? அன்பாகத்தான் கேட்டீர்கள், சந்தேகமில்லை. ஆனால் கேட்டுவிட்டு அந்த வீட்டுக் கூரையை ஏன் அண்ணாந்து பார்த்தீர்கள்? சுதாகரனும் முதலில் கூரையைத்தான் பார்த்தார்.

ஆச்சி மகனைப் பார்க்கவில்லை. நொத்தாரிசைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"உவன் என்ரை மூத்தவன், சுதாகரன். தேப்பன் செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவண்டு, படைச்ச சோறு ஆறமுதல் காணி அளக்கிறவனை வளவுக்குள்ளை கூட்டிக்கொண்டு வந்தவன். அண்டையிலையிருந்து உவனோடை எனக்குக் கதையில்லை. மூளை கலங்கினதெண்டு ஆர் தம்பி சொன்னது? மறக்கேலாமல்தான் தெரியாதெண்டனான். இப்ப பேனையைத் தா."