ஒரு லிஃப்ட் கம்பெனி வாசித்த மழைக்காலம்

வாசிப்பு என்பது ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து ஒருவரே செய்துவிடக்கூடிய சில்லறைக் காரியம் என்றுதான் உலகம் இதுநாள்வரை நம்பிவந்தது. அது குழு அமைத்து, துணைக்குழு பிரித்து, நடவடிக்கைக் குறிப்புடன் நிறைவேற்றவேண்டிய மாபெரும் பணி என்பதை மனித குலத்துக்கு எடுத்துக்காட்டிய பெருமை ஒரு லிஃப்ட் கம்பெனியையே சேரும். அந்தப் பெருமைக்குத் தன்னையே கொடுத்தவள் ஹலோ அக்கா.

ஹலோ அக்கா அந்தக் கம்பெனியின் புகார் மேசையில் இருந்தாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மணி அடிப்பது அவளிடத்தில்தான். "ஹலோ, பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு ஹலோவுக்கும் அடுத்த ஹலோவுக்கும் நடுவில் அவள் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்துவந்தாள். படித்தாள். கொலை, காதல், பேய், ராஜா ராணி, வேற்றுக்கிரகம், எதுவானாலும் சரி. மேசை இழுப்பறை பாதி திறந்திருக்கும். அதற்குள் புத்தகம் முழுக்கத் திறந்திருக்கும்.

படித்ததோடு நின்றாளா? மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதையும் சொன்னாள். மெக்கானிக் வந்து சேரும்வரை இருட்டுப் பெட்டிக்குள் நிற்கும் ஒரு மனிதரிடம் வேறு என்னதான் பேசுவது?

பழைய அடுக்குமாடி ஒன்றின் உச்சியில் குடியிருந்த கடிகாரக்கடைக்காரர்தான் அவளுடைய நெடுநாள் வாடிக்கை. முட்டி வலிக்காரர், படியேற முடியாது. அந்தக் கட்டடத்து லிஃப்டோ நினைத்தால் நின்றுவிடும் ரகம். முதல்முறை மாட்டிக்கொண்டபோது அவர் கத்தியே விட்டார்.

"மூச்சு முட்டுதும்மா! செத்துடுவேன் போல இருக்கு!"

"சாக வேண்டியவர் ஏற்கெனவே செத்துட்டார் சார். மலைமேல ஒரு பங்களா. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. உள்ளே அவர் மட்டும் கிடக்கிறார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"நான் படிச்சிட்டிருக்கிற கதை சார்."

அவர் பொத்தானுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். பிறகு, "யாரு கொன்னது?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"அதுக்குள்ள எப்படிச் சொல்றது? இன்னும் போலீஸே வரலை."

கயிறு என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்தபோது, "கொஞ்சம் பொறுப்பா. இப்பத்தான் சமையல்காரன் மேல சந்தேகம் வந்திருக்கு" என்றார் கடிகாரக்கடைக்காரர். அதன்பிறகு லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் கதை நகர்ந்தது. கடைசி சில அத்தியாயங்கள்தான் பாக்கி.

இந்த நிலைமையில்தான் பொது மேலாளர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பினார். அங்கே திரையில் "தலைவர்கள் வாசிக்கிறார்கள்" என்று ஒரு வரி ஓடியிருக்கிறது. அவர் ஏற்கெனவே தலைவர். மீதியை மட்டும் முடிக்கவேண்டியிருந்தது. வந்ததும் வராததுமாகக் கூட்டம் கூட்டினார்.

"நம்ம கம்பெனியில யாருக்காவது படிக்கிற பழக்கம் இருக்கா?"

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். பயிற்சி அதிகாரி மட்டும் எழுந்தார். "புகார் மேசையில ஒரு அம்மாவுக்கு இருக்குன்னு கேள்வி சார். ஆனா வேலை எதுவும் கெட்டுப்போனதாத் தெரியலை."

"கூப்பிடுங்க."

ஹலோ அக்கா மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே மாடியேறினாள்.

"நீங்க படிக்கிறீங்களாமே?"

"இனிமே படிக்க மாட்டேன் சார்."

பொது மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். "என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க! மழைக்கால வாசிப்புச் சவாலுக்கு உங்களைத்தான் தலைவராப் போடறேன்."

அவள் முதலில் சொன்னதுதான் நடக்கப்போகிறது என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை. அன்று சாயங்காலம் பெருமையோடுதான் வீட்டுக்குப் போனாள்.

சவாலின் விதிகள் மிகவும் எளிமையானவை. விளக்குவதற்கு ஒரு முழுநாள் பயிற்சியே போதுமானதாக இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் துப்பறியும் கதை, காதல் கதை, பேய்க் கதை, சரித்திரக் கதை, விஞ்ஞானக் கதை, நகைச்சுவைக் கதை என வகைக்கு ஒன்று படித்தாகவேண்டும். ஒரு வகையின் தவணை முடிந்தவுடன் அந்த வகைப் புத்தகங்கள் அலமாரிக்குள் போய்ப் பூட்டப்படும். காதல் தவணையில் ஒருவர் கையில் பேய் அகப்பட்டால் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்படும். கணக்குப் பிரிவு மட்டும் விஞ்ஞானக் கதையிலிருந்து விலக்குக் கேட்டது. வருங்காலத்தைப் பற்றிய கற்பனைகளை ஆண்டுதோறும் தாங்களே தயாரித்து வருவதாக அவர்கள் சொன்ன காரணம் ஏற்கப்பட்டது.

"வாசிப்பை நேசிப்போம்! நேசிப்பை யோசிப்போம்!" என்ற முழக்கத்தைப் பயிற்சி அதிகாரி சொந்தமாக இயற்றினார். யோசிப்பை என்ன செய்வது என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. வாசலில் "படி! படி! படி!" என்று பெரிய பலகை வைத்தார்கள். லிஃப்ட் வாங்க வந்த ஒரு கட்டட முதலாளி அதை மூன்றுதடவை படித்துவிட்டு, கம்பெனிக்காரர்களே படிதான் நல்லது என்கிறார்கள் என்று திரும்பிப் போய்விட்டார். நேர்மைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்!

தலைவருக்குத் தனி அறை கொடுத்தார்கள். புகார் மேசைத் தொலைபேசிக்குப் பதிவுசெய்த குரல் ஒன்றைப் பொருத்தினார்கள். இழுப்பறைக்குள் இருந்த மலைப் பங்களாப் புத்தகத்தை "முன்மாதிரிப் பிரதி" என்று வாங்கி, துப்பறியும் தவணை முடிந்த அன்று அலமாரியில் பூட்டிவிட்டார்கள்.

"சார், சாவியைக் கொஞ்சம் கொடுங்க. கடைசி அத்தியாயங்கள் மட்டும்தான்" என்று ஹலோ அக்கா பயிற்சி அதிகாரியிடம் கேட்டாள்.

"இது காதல் தவணை ஆச்சேம்மா. தலைவரே விதியை மீறினா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"யாரு கொன்னதுன்னு தெரியணும் சார்."

"முன்னேற்ற அறிக்கையில அந்தக் கேள்வியே கிடையாதே!"

வேறு புத்தகம் எடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. காலையில் திட்டக் கூட்டம், மதியம் ஆய்வுக் கூட்டம், நடுவில் அடுத்த கூட்டத்துக்கான தேதியை முடிவு செய்யும் கூட்டம். காதல் கதையை ஆராய்ந்த கூட்டத்தில் பொது மேலாளரே தலைமை தாங்கினார்.

"கடைசியில அந்தப் பொண்ணு என்ன பண்றா?"

"அழறா சார்" என்றார் விற்பனை மேலாளர்.

"எதுக்கு?"

"அவன் கப்பல் ஏறிப் போயிடறான்."

"முன்கூட்டியே ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருந்தா தவிர்த்திருக்கலாம். நடவடிக்கைக் குறிப்புல போட்டுக்குங்க."

ஹலோ அக்கா போட்டுக்கொண்டாள். அந்தக் கதையை அவள் முன்பே படித்திருந்தாள். அந்தப் பெண்ணுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுதவள். இப்போது தன் கையெழுத்திலேயே "அழுகை: தவிர்த்திருக்கலாம்" என்று எழுதியதைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது.

ஆனால் கம்பெனி கண்ட முன்னேற்றத்தை மறைக்கக் கூடாது. விற்பனை மேலாளர் ஒரு மதிய உணவு வேளையில் மூன்று நாவல்களை முடித்தார். "பின்னட்டையே போதும். உள்ளே இருக்கிறதெல்லாம் அதோட விரிவாக்கம்தான்" என்பது அவர் கண்டுபிடித்த முறை. கயிறு லிஃப்ட் குழிக்குள் வேலை பார்த்துக்கொண்டே ஒலிப்புத்தகத்தைக் காதில் மாட்டிக் கேட்டான். "ரெட்டை வேகத்துல போட்டேன் அக்கா. பேய் வர்றதும் தெரியலை, போறதும் தெரியலை. பயமே இல்லை!" படித்த பக்கங்களைக் காட்டும் வரைபடம் மேலே மேலே போயிற்று. "மேலே கொண்டுபோறதுதானே நம்ம தொழிலே!" என்று பொது மேலாளர் பூரித்தார்.

ஹலோ அக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்குப் பகீரென்றது.

"உடம்பு கிடம்பு சரியில்லையா? கண்ணைக் காட்டு."

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நேரம்தான் இல்லை."

"கல்யாணம் ஆனதிலேர்ந்து உன் முகத்தை அட்டைக்கு மேலே பாதிதான் பார்த்திருக்கேன். கன்னத்துல மச்சம் இருக்கிறதே இப்பத்தான் தெரியுது."

"நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அந்தப் பாதி முகமே போதும். ஏதாவது எடுத்துப் படி, தாயே."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, பேய்த் தவணைக்கான வருகைப் பட்டியலைத் திருத்த உட்கார்ந்தாள்.

அந்த வாரம் கடிகாரக்கடைக்காரர் மறுபடியும் மாட்டிக்கொண்டார். பொத்தானை அழுத்தினார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து இணைப்பிலேயே காத்திருக்கவும்" என்றது குரல்.

"நான் வேற எங்கம்மா போவேன்?" என்றார் அவர். குரல் பதில் சொல்லவில்லை, இசை போட்டது.

கயிறு வந்து கதவை ஒரு கை நுழையும் அளவுக்கு நெம்பினான். உள்ளே இருந்தவர் வெளியே வரக் கேட்கவில்லை. அவனுடைய கைபேசியைக் கேட்டார்.

"ஹலோ அக்காவா? நான்தாம்மா. யாருன்னு தெரிஞ்சுதா?"

ஹலோ அக்கா ஆய்வுக் கூட்டத்திலிருந்து வெளியே வந்து சுவரோரம் நின்றாள். "இல்லைங்க சார்."

"ஏன், படிக்கலையா?"

"இப்போ நான் வாசிப்புத் தலைவர் சார்."

"அடப்பாவமே!" என்றார் அவர். "எப்போலேர்ந்து?"

சீக்கு வந்தவர்களைக் கேட்கிற குரலில்தான் கேட்டார். உள்ளே இருந்து யாரோ "தலைவர் எங்கே?" என்று கூப்பிட்டார்கள்.

மழை ஓய்ந்தது. சவாலும் நிறைவுற்றது. நிறைவு விழாவுக்குப் பொது மேலாளர் ஒரு முக்கியமான விருந்தினரை அழைத்தார். பழைய லிஃப்டை எடுத்துவிட்டுப் புதிதாக வாங்கப்போகும் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் அவர். மேடையில் வந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தபோதுதான் ஹலோ அக்காவுக்குக் குரலை வைத்து ஆள் புரிந்தது. கடிகாரக்கடைக்காரர்! அவளை அவர் நேரில் பார்த்ததில்லை. பின்வரிசையில் அவள் இருப்பது அவருக்குத் தெரியாது.

"பருவத்தின் சிறந்த வாசகர்" கோப்பை விற்பனை மேலாளருக்கு. கடிகாரக்கடைக்காரர் கோப்பையைக் கையில் எடுத்தார், கொடுக்கவில்லை.

"எல்லா வகையும் படிச்சீங்களா?"

"அதுக்கு மேலேயும் படிச்சேன் சார்."

"ரொம்ப சந்தோஷம். மலைமேல ஒரு பங்களா. உள்பக்கம் தாழ்ப்பாள். யாரு கொன்னது?"

விற்பனை மேலாளர் கோப்பையைப் பார்த்தார். "அது முதல் தவணை சார். நாங்க இப்போ ரொம்ப முன்னேறிட்டோம்."

கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்து, "அந்தக் கொலை எங்க பிரிவுல வராது சார்" என்று முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பொது மேலாளர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை சார். ஒரு துணைக்குழு போட்டு, நாளைக்குள்ள யாரையாவது முடிவு பண்ணிடறோம்."

"வேண்டாம்" என்றார் கடிகாரக்கடைக்காரர். "உங்க கம்பெனியில நிஜமாவே படிக்கிற அம்மா ஒருத்தங்க இருந்தாங்களே, போன்ல? அவங்க எங்கே?"

பொது மேலாளரின் முகம் மலர்ந்தது. "அவங்களைத்தான் சார் வாசிப்புத் தலைவர் ஆக்கிட்டோம்! போன் தொல்லை, புத்தகத் தொல்லை எதுவும் இல்லாம இப்போ நிம்மதியா இருக்காங்க!"

கடிகாரக்கடைக்காரர் கோப்பையை மேசைமேல் வைத்தார். "அப்போ கொன்னது யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விருந்தினர் பாராட்டுகிறார் என்று நினைத்து அரங்கம் பலமாகக் கைதட்டியது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஹலோ அக்கா எழுந்தாள். நேரே மேடைக்குப் போனாள்.

"சார், எனக்கு இந்தப் பதவி வேண்டாம்."

"ஏன்மா? என்ன குறை?"

"படிக்கணும் சார்."

பொது மேலாளர் பயிற்சி அதிகாரியைப் பார்த்தார். பயிற்சி அதிகாரி விதிகளைப் புரட்டினார். உடல்நிலை, குடும்பச் சூழல், வெளியூர் மாற்றம் எல்லாம் இருந்தன. இந்தக் காரணம் மட்டும் இல்லை.

"ஹலோ அக்காவா?" என்றார் பின்னாலிருந்து கடிகாரக்கடைக்காரர், குரலை அடையாளம் கண்டு. "அவங்க அந்த போனுக்குத் திரும்பி வந்தாத்தான் புது லிஃப்டுக்கு நான் கையெழுத்துப் போடுவேன்."

அதற்குப் பிறகு விதிகள் தேவைப்படவில்லை. மறுநாள் அவள் பழைய நாற்காலிக்கு வந்தாள். பதிவுசெய்த குரல் கழற்றப்பட்டது. அலமாரியும் திறந்தது. கொன்றது டாக்டர் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடிகாரக்கடைக்காரருக்குத் தெரிய அடுத்த பழுதுவரை ஆயிற்று. "அந்த டாக்டர் மேல எனக்கு முதல்லேர்ந்தே ஒரு கண்ணு" என்றார் அவர், வெட்கமில்லாமல். பிறகு கவலையோடு, "புது லிஃப்ட் நிக்கவே நிக்காதுன்னு சொல்றாங்களே அம்மா, அப்புறம் கதைக்கு என்ன பண்றது?" என்று கேட்டார்.

"நிக்காட்டி என்ன சார்? வீட்டிலேர்ந்தே கூப்பிடுங்க. பயப்படாம கேட்கலாம்."

அதேசமயம் கம்பெனி தன் கடமையிலிருந்து வழுவவில்லை. பதவி மாற்றத்துக்கு ஒரு காரணம் இருந்தாகவேண்டுமல்லவா? மூன்று கூட்டம் கூடி விவாதித்து, அறிவிப்புப் பலகையில் முறைப்படி ஒட்டினார்கள்: "வாசிப்பில் போதிய ஈடுபாடு காட்டாத காரணத்தால், மேற்படியார் புகார் மேசைக்கே திருப்பி அனுப்பப்படுகிறார்."

ஹலோ அக்கா அதன் முன்னால் நின்று நிதானமாக, ஒரு சொல் விடாமல் கடைசிவரை படித்தாள். அந்த மழைக்காலச் சவாலின் கணக்கில் அந்தக் கம்பெனியில் ஒருவர் ஒன்றை முழுமையாகப் படித்தது அப்போதுதான்.