இனிகோவின் ஆறடிக் கடல்

இனிகோவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மறைத்து என்ன ஆகப்போகிறது? பாட்டன் பூட்டனெல்லாம் மூச்சடக்கி முத்துக் குளித்த வம்சம். இவருக்கு மச்சினன் ஜெரால்டின் போட்டில் கால் வைத்தாலே வாந்தி. அதனால் கப்பல் ஏஜென்சியில் நாற்காலி வேலை.

ஆனால் கண்ணை மூடினால் கடலுக்கு அடியில்தான் இருப்பார். வெயில் பச்சையாக இறங்கும். பாசி தலையாட்டும். கோமாளி மீன் ஒன்று காதோரம் வந்து ஏதோ கேட்கும். பதில் சொல்வதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிடுவார்.

சாவதற்குள் ஒருதரமாவது கடலின் அடியை நனையாமல் பார்த்துவிட வேண்டும். அதற்கு ஒரே வழி, ஹாலில் ஆறடி மீன்தொட்டி. ஈஸ்டருக்கு மறுநாள் வீட்டில் அறிவித்தார்.

மனைவி பிளாரன்ஸ் சண்டைக்கு வருவாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார். மீனுக்கு உப்பு தடவிக்கொண்டிருந்தவள் கேட்டது ஒன்றுதான்.

"கண்ணாடியா, அக்ரிலிக்கா?"

இனிகோ உருகிப்போனார். அவருடைய கனவுக்குள் அவள் எட்டிப்பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"கண்ணாடிதான் ஏளா. கீறல் விழாது. எத்தன வருசமானாலும் பளிச்சுன்னு கிடக்கும்."

"கனம்?"

"தண்ணி ஊத்தாமலே ஆறு ஆளு வேணும் தூக்க."

"அக்ரிலிக்?"

"பாதிக் கனந்தான். ரெண்டு ஆளு போதும். ஆனா கண்ட துணி பட்டாலே கீறிரும். மெத்துன்னு பஞ்சுத் துணி வேணும், காரமில்லாத சோப்பு வேணும். பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டுத மாதிரி துடைக்கணும்."

"தெருப்பிள்ளைங்க அடிக்குத பந்து பட்டா?"

"கண்ணாடி உடையும். அக்ரிலிக் தாங்கும். ஹாலுக்குள்ள பந்து எங்கன வருது?"

"சும்மா கேட்டேன். நிமுத்தி வச்சா நிக்குமா?"

"மீன்தொட்டிய எதுக்குளா நிமுத்தணும்? தண்ணி கொட்டிராதா?"

"சும்மாதான் கேட்டேன். அக்ரிலிக்கே வாங்குங்க."

சனிக்கிழமை தொட்டி வந்தது. ஞாயிறு முழுக்க இனிகோ அதன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, வெறும் தொட்டிக்குள் மீன் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போனது. பிளாரன்ஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

திங்கள் மாலை தொட்டிக்கு மணல் வாங்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தார். முனையில் மாதா சிலை நிற்கும் கெபி முன்னால் ஒரே கூட்டம். சுரூபத்தைச் சுற்றி அவருடைய தொட்டி நிமிர்ந்து நின்றது, திறந்த பக்கம் சுவரைப் பார்த்து. உள்ளே நீல பல்பு வேறு.

"ஏளா, அது என் தொட்டி," என்றார் மெதுவாக.

"மாதா உப்புக்காத்துல நின்னு முகமெல்லாம் உரிஞ்சு போச்சு. திருவிழாவுக்குள்ள கூண்டு போட்டுத் தாரேன்னு நம்ம தெரு அன்பியக் கூட்டத்துல வாக்குக் குடுத்துட்டேன். தலைவியா இருந்துட்டு மாத்திப் பேச முடியுமா?" பிளாரன்ஸும் மெதுவாகத்தான் சொன்னாள். "வேண்டாம்னா சொல்லுங்க. ஜெரால்டு இங்கனதான் நிக்கான், இப்பவே தூக்கிருவோம். எல்லாரும் பார்க்காவ, அவ்வளவுதான்."

எதிர்வீட்டு ஜேசுபாதம் கண்கலங்க வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, உங்க மனசு யாருக்கு வரும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் இனிகோ. எல்லாரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இத யாரு கீறாம துடைக்கது?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"அவுக இருக்காவல்லா," என்றாள் பிளாரன்ஸ். "எந்தத் துணி, எந்தச் சோப்பு, அத்தனையும் அத்துப்படி."

இப்போது தினமும் காலையில் ஆபீசுக்கு முன்னால் இனிகோ பஞ்சுத் துணியோடு அங்கே நிற்கிறார். நீல பல்பு எரிந்துகொண்டிருக்கும். மூக்கைத் தொட்டியோடு ஒட்டி நின்றால் மாதாவின் அங்கி அலை மாதிரி அசையும். அவர் மெல்ல இறங்குவார். பச்சை வெளிச்சம். பாசி. இதோ, அடிமணல் காலில் படப்போகிறது.

"ஏங்க, மேல காக்கா எச்சம் போட்டிருக்கு. ஏணி கொண்டாரட்டா?"