மூக்காண்டியின் பத்தொன்பதாவது மஞ்சள்

மஞ்சள் என்றால் ஒரே ஒரு மஞ்சள்தான் என்று நினைக்கிறவர்கள், சங்கரன்கோவிலில் மூக்காண்டியின் சாயப்பட்டறைக்குள் கால் வைக்காதவர்கள். அவருக்குப் பதினெட்டு மஞ்சள் தெரியும். எலுமிச்சை மஞ்சளில் மட்டும் இரண்டு. புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை வந்த அன்றைக்கு ஒன்று, விலை போகாமல் மறுநாளும் கிடந்தால் இன்னொன்று. நூலை ஒருமுறை முக்கி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். "ஒரு சிட்டிகை பழுப்பு" என்பார். போட்டால் கேட்ட நிறம் அப்படியே வந்து நிற்கும். அந்த இரண்டு கண்ணை நம்பி ஊரில் நாற்பது தறி ஓடியது.

எழுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி மாதம், அந்தக் கண்ணுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தாவீது ஒரு கண்ணாடிக் குழாயை நீட்டினார். குழாயில் நீல மருந்து. அதில் மூக்காண்டியின் மூத்திரம் எட்டுச் சொட்டு விழுந்தது. ஸ்பிரிட் விளக்கில் கொதித்தது. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செங்கலாகி நின்றது.

"அருமையான செங்கல்," என்றார் மூக்காண்டி. "எந்தக் கம்பெனிச் சாயம் அண்ணாச்சி?"

"உம்ம கம்பெனிதான் வே. சர்க்கரை."

டாக்டர் நிறையச் சொன்னார். இனிப்பை நிறுத்து, சோற்றைக் குறை, கேப்பையும் கீரையும் தின்னு, தினம் நட. வாயை அடக்கினால் இந்த வியாதியும் அடங்கிக் கிடக்கும். அடக்காவிட்டால் முதலில் கண்ணில் கை வைக்கும். எல்லா நிறமும் ஒரே நிறமாகிவிடும். மூக்காண்டிக்கு "சோற்றைக் குறை" என்பதுவரைதான் காதில் விழுந்தது. மீதியைக் கேட்டுக்கொண்டவள் அவர் மனைவி கோமதித்தாய். பனவடலிசத்திரத்தில் அவளுடைய பெரியண்ணன், "வெறும் சர்க்கரைதான" என்று சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் லட்டு தின்றவர். இப்போது பேரப்பிள்ளைகளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்.

தினமும் ஆஸ்பத்திரிக்கு அலைய முடியுமா? கோமதித்தாய் தாவீதிடம் குழாயும் மருந்தும் இடுக்கியும் வாங்கி, செய்முறையையும் கேட்டுக்கொண்டாள். தறிச் சத்தத்தில் தொட்டில் ஆடி வளர்ந்த நெசவாளி வீட்டுப் பெண். நிறம் பார்க்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் அடுப்புக்கு முன்னால் குழாய்தான் கொதித்தது. நீலம் வந்தால் மத்தியானம் இரண்டு கரண்டி சோறு, முருங்கைக்காய் சாம்பார். பச்சைக்கு ஒரு கரண்டி. மஞ்சளுக்குச் சோறு கிடையாது. செங்கல் என்றால் மூன்று வேளையும் கேப்பைக் களி, தொட்டுக்கொள்ளப் பாவக்காய். தொடர்ந்து பத்து நாள் செங்கல் வந்தது. ஒரு சின்ன வீடே கட்டியிருக்கலாம்.

"ஏட்டி, இந்தக் களி பாவுக்குப் போடுத கஞ்சி மாதிரில்லா இருக்கு."

"கஞ்சி போட்டாத்தான் இழை அறாது. நீங்களும் அறாம இருக்கணும்லா."

"கருப்பட்டி உடம்புக்கு நல்லதுன்னு ஊரே சொல்லுது."

"ஊரு உடம்புக்கு நல்லதுதான்."

"சீனி வெள்ளை, கருப்பட்டி கறுப்பு. நிறமே வேற. எனக்கே நிறம் சொல்லித் தாரியா?"

"உள்ள போனா ரெண்டும் செங்கல். உருண்டையை முழுங்குங்க."

கருப்பட்டிப் பேச்சு வந்ததற்குக் காரணம் உண்டு. பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், தேரடிக்குப் பக்கத்தில், கருப்பட்டி மிட்டாய்க் கடை. தினம் சாயங்காலம் இரண்டு மிட்டாய், பேப்பரில் மடித்து, சட்டைப் பையில். தெரு திரும்புவதற்குள் இரண்டும் உள்ளே போய்விடும். அதை நிறுத்தினால் நீலம் வரும் என்பது மூக்காண்டிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நிறத்தை மாற்ற வேறு வழி தெரிந்தவன் எதற்காக மிட்டாயை நிறுத்த வேண்டும்?

பதினோராம் நாள் பட்டறையில் உட்கார்ந்து அந்தப் பெரும் முடிவை எடுத்தார். உலகத்தில் எல்லா நிறமும் செய்கிறவனுக்கு இந்த ஒரு நிறம் வராதா?

கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு எடுத்தார். மஞ்சள் சாயம், குண்டூசி முனையளவு. பழுப்பு, அதில் பாதி. முதல் தடவை சந்தன மஞ்சளாகப் போய்விட்டது. இரண்டாவது தடவை வந்த நிறத்தைக் கல்யாணப் பெண்ணுக்கே கட்டலாம். மனசில்லாமல் கொட்டினார். மூன்றாவது தடவை வெயிலில் தூக்கிப் பிடித்தார். தலைப்பிள்ளையைத் தூக்கியபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. அச்சு அசல். முப்பது வருஷக் கைப்பழக்கம், நூலில் சாயம் கெட்டியாகப் பிடிப்பதற்குப் போடும் உப்பையும் ஒரு கை போட்டுக் கலக்கினார். பத்தொன்பதாவது மஞ்சள் பிறந்தது. ஒரு சின்னப் பாட்டிலில் அடைத்து மடியில் கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை, அவள் கொடுத்த கண்ணாடித் தம்ளரில் அதை ஊற்றி, முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு நீட்டினார். எட்டுச் சொட்டு விட்டாள். கொதித்தது. நீல மருந்து நீலமாகவே இருந்தது.

"நீலம்," என்றாள் கோமதித்தாய். சொட்டுக் குழலையும் தம்ளரையும் வழக்கம்போல ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துவைத்தாள்.

அன்றைக்கு இரண்டு கரண்டி சோறு. மறுநாளும் நீலம். எட்டு நாள் நீலம். சாயங்கால மிட்டாய் இரண்டிலிருந்து நாலாயிற்று.

"பாத்தியா, மனசு சுத்தமா இருந்தா சர்க்கரை தானா இறங்கும்."

"அப்படித்தான் தெரியுது," என்று சொல்லிக்கொண்டே, அவர் சட்டையை உதறித் துவைக்கப் போட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"செங்கல்."

"என்னது?"

"செங்கல். நீங்களே வந்து பாருங்க. நிறம் உங்களுக்குத்தான தெரியும்."

பார்த்தார். சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்.

"மருந்து கெட்டிருக்கும்."

"நேத்து உடைச்ச பாட்டில்."

"குழாய் அழுக்கா இருந்திருக்கும்."

"கழுவித் தொடச்சேன்."

"வேற என்னமும் கலந்திருக்குமோ?"

"உங்க மூத்திரத்துல வேற என்ன கலந்திருக்கும்? நீங்கதான் சொல்லணும்."

மூக்காண்டி தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். வெறும் கிணற்றுத் தண்ணீரில் சர்க்கரை. அதுவும் முழுச் செங்கல். களியை உருட்டிக்கொண்டே யோசித்தார். தன் கையைப் பார்த்தார். முப்பது வருஷம் சாயத்தில் ஊறி நகமெல்லாம் நீலம். சாயம் கை வழியாக உள்ளே ஏறுமென்றால், உள்ளே இருக்கிற சர்க்கரை கை வழியாக வெளியே இறங்காதா? தொட்ட தண்ணீர் இனிக்கிற அளவுக்கு வியாதி முற்றிவிட்டது. வேறு விளக்கம் கிடையாது.

அன்றைக்குப் புதிதாகக் கலக்கினார். கையே படாமல் குச்சியால் கலக்கினார். மனசு சரியில்லாததால் ஆறுதலுக்கு ஐந்து மிட்டாய் தின்றார். மறுநாள் செங்கல், முன்னைவிட முறுக்கேறியிருந்தது.

நேரே தாவீதிடம் போனார்.

"அண்ணாச்சி, ஒரு ஆளு தொட்ட தண்ணியில சர்க்கரை இறங்குமா?"

"அப்படி ஒருத்தன் இருந்தா டீக்கடையில வேலைக்கு வச்சுக்கிடுவாங்க. யாரு வே அது?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு. தொடக்கூட இல்ல. குச்சியை வச்சுத்தான் கலக்கினாரு."

தாவீது மருந்து கலக்குவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவருக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

அந்தக் கேள்விதான் மூக்காண்டியைச் சாய்த்தது. அன்றைக்குப் பட்டறையில் ஒரு நூலைத் தூக்கிப் பிடித்தவருக்கு, அது ஏழாவது மஞ்சளா எட்டாவது மஞ்சளா என்று தெரியவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, வெளிச்சம் இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. பனவடலிசத்திரத்து மச்சான் குரலை வைத்து ஆள் பிடிப்பதுதான் தோன்றியது. குரலை வைத்து நூலுக்குச் சாயம் போட முடியாது.

தேரடி வழியை விட்டார். ரயில்வே ஸ்டேஷன் பக்கமாகச் சுற்றி நடந்து வீடு சேர்ந்தார். மிட்டாய் இல்லை. ஆனாலும் பாட்டிலை மட்டும் விடவில்லை. தண்ணீரே செங்கல் என்றால் ஒரிஜினல் என்னவாகும்? அதைக் கண்கொண்டு பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை.

மறுநாள் காலை பச்சை. அதற்கு மறுநாள் நீலம். பிறகு தினமும் நீலம். நடுவில் ஒரே ஒரு நாள் ஆசை கேட்காமல் ஒரு மிட்டாய் வாங்கிப் பையில் போட்டு, தெருமுனையில் தின்றார். மறுநாள் மஞ்சள். பட்டறைக் கிணற்றுத் தண்ணீருக்கு அவர் வயிற்றுக்குள் நடப்பது தெரிந்திருந்தது. மூக்காண்டி அந்தக் கிணற்றைக் கும்பிட்டுவிட்டு, அதோடு மிட்டாயைத் தலைமுழுகினார். களியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாவக்காயைக் குறைத்து வைத்தால் கோபித்தார்.

நாற்பத்தைந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். பாட்டிலுக்கு அங்கே வழியில்லை. அசலையே கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீலம் வே," என்றார் தாவீது.

"ஒரிஜினலா?"

"பின்ன, டூப்ளிகேட்டா குடுத்தீரு?"

வீட்டுக்கு வந்த மூக்காண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். வைராக்கியத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் கோமதித்தாய் மடித்துவைத்திருந்த ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்தாள். துணி நிறைய மஞ்சள் பொட்டு.

"இது என்ன நிறம்னு சொல்லுங்க, பாப்போம்."

அவருக்கா தெரியாது? பத்தொன்பதாவது மஞ்சள்.

"தம்ளர் தொடச்ச துணி. எட்டு நாளும் சவுக்காரம் போட்டுக் கசக்குனேன். வெள்ளாவியில வச்சேன். போகலை. பொய் சொல்லுதவன் சாயம் வெளுத்துதான் மாட்டுவான். நீங்கதான் வெளுக்காம மாட்டிக்கிட்டிய."

"அப்ப அந்தச் செங்கல்?"

"உங்க சட்டைப் பையில கிடக்குத மிட்டாய்த் தூளு. ஒன்பதாம் நாள்லேருந்து தினம் உதறி அந்தத் தம்ளர்ல கரைச்சுத்தான் காய்ச்சுனேன். நிறையக் கிடந்தா செங்கல். ஓரத்துப் பிசுக்கு மட்டும் இருந்தா பச்சை. ஒண்ணும் இல்லன்னா நீலம். நான் பொய்யா ஒண்ணும் பாக்கலையே."

மூக்காண்டி துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு தொழில்காரன் தொழில்காரனிடம் பேசுவதுபோலச் சொன்னார்: "உப்பு போட்டிருக்கக்கூடாது."

"இருக்கட்டும். கெட்டிச் சாயம்தான நல்லது," என்றாள் கோமதித்தாய், துணியை மடித்துக்கொண்டே. "ஆடித்தபசுக்கு இதே நிறத்துல எனக்கு ஒரு சேலை போட்டுக் குடுங்க. கோயில்ல யாராவது இது என்ன மஞ்சள்னு கேட்டா, நான் சொல்லிக்கிடுதேன்."