சம்பந்தியம்மாவுக்கு மீசை வைத்த கதை

சிதம்பரத்தில் சம்பந்தி வீட்டார் புது வீடு கட்டியிருந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொண்டுபோக வேண்டும். வேலை இவ்வளவுதான்.

கடையில் ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. எனக்குத்தான் செல்போனில் விரலால் படம் வரையத் தெரியுமே!

நான் படித்தது ஐந்தாவது. இருபத்தாறு வருஷம் பால்வாடியில் ஆயாவாக இருந்தேன். காலையில் தலை எண்ணி உள்ளே விடுவேன். மாலையில் தலை எண்ணி வெளியே அனுப்புவேன். ஒரு தலை குறைந்ததில்லை. பேச்சுதான் கொஞ்சம் குறைச்சல். புது ஆளைக் கண்டால் வாய் திறக்காது.

இந்தக் கடிகாரத்துக்குக் காரணம் உண்டு. ரெண்டு வருஷம் முன்னால் என் மகள் செல்விக்குக் கல்யாணம். ஆல்பம் போட்டது நாங்கள். குடும்பப் படத்தில் சம்பந்தியம்மா ஓரமாக நின்றிருந்தார்கள். ஓரத்தை வெட்டியபோது அவர்கள் முகத்தில் பாதி போய்விட்டது. தலை எண்ணுகிற நான் அதைக் கவனிக்காமல் விட்டேன்!

"எனக்குப் பாதி மூஞ்சி போதும்னு நெனச்சுட்டாங்க போல" என்றார்கள். அதோடு சரி. அப்புறம் என்னோடு பேச்சே இல்லை. நான் போன் பண்ணினால் மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுவார்கள்.

அதனால் இந்த முறை பார்த்துப் பார்த்து வரைந்தேன். அவர்கள் வீட்டில் பதினேழு பேர். சுற்றி வட்டமாகப் பதினாறு தலை. நட்ட நடுவில், தாம்பாளம் மாதிரி, சம்பந்தியம்மாவின் முழு முகம். ரெண்டு கண், ரெண்டு காது, ஏழு கல் மூக்குத்தி. நாலு தடவை எண்ணிச் சரிபார்த்தேன்.

கடலூரில் கப், தட்டு, கடிகாரம் என்று எதில் கேட்டாலும் படம் அச்சடித்துத் தரும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே போய்ப் படத்தை அனுப்பினேன். கடைக்காரர் உற்றுப் பார்த்தார்.

"யம்மா, நடுவுல ஒருத்தவங்க இருக்காங்களே. பரவாயில்லயா?"

எனக்கு வந்த கோபத்தில் கூச்சமே போய்விட்டது.

"அவுங்கதான் வீட்டுக்குப் பெரியவுங்க. நடுவுலதான் இருக்கணும். ஒரு நூல் கூட நகரக் கூடாது!"

"சரிம்மா. நீங்க சொன்னா சரி."

சொன்ன சொல் தவறாத மனுஷன். மறுநாள் போய்ப் பார்த்தேன். ஒரு நூல் நகரவில்லை. சரியாக மூக்கு நுனியில் ஓட்டை போட்டு, திருகாணி வைத்து, ரெண்டு முள்ளையும் மாட்டியிருந்தார்.

பேட்டரி இல்லாததால் முள் ரெண்டும் பன்னிரண்டில் ஒட்டி நின்றன. மூக்கிலிருந்து நெற்றி வரைக்கும் நீளமாக ஒரு கறுப்புப் பொட்டு!

கேட்கலாமா, வேண்டாமா? கடை வாசலில் பதினோரு நிமிஷம் நின்றேன். இருந்த தைரியத்தை முந்தின நாளே செலவழித்துவிட்டேன். பொட்டு நல்லாத்தானே இருக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிரகப்பிரவேசம் விடிவதற்குள் முடிந்து, நாங்கள் போனபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மாவிடம் பெட்டியை நீட்டினேன். பிரித்துப் பார்த்தார்கள். உதட்டோரம் லேசாக அசைந்தது.

"பரவால்ல. முழுசா இருக்கேன்."

ரெண்டு வருஷம் கழித்து என்னிடம் பேசிய பேச்சு! அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளை விட்டால்தானே?

"இருங்க அத்த, பேட்டரி போட்டு மாட்டிர்றேன்."

கூடத்தில் ஆணியில் மாட்டினார். மணியைச் சரி செய்தார். அப்போது மணி ஒன்பதே கால்.

சின்ன முள் இந்தப் பக்கம் படுத்தது. பெரிய முள் அந்தப் பக்கம் படுத்தது. மூக்கு நுனியிலிருந்து காதுக்குக் காது, கன்னங்கரேலென்று மீசை! அதுவும் ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நீளம்.

பந்தியில் இட்லி மென்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

"யம்மா, என்னா பண்ணி வச்சிருக்க?" என்று செல்வி என் காதில் சீறினாள்.

"நடுவுல வச்சேன்டி. மரியாதையா இருக்கட்டும்னு."

வாசலுக்கு எத்தனை அடி என்று கண்ணாலேயே எண்ணினேன். பதினான்கு. ஏழாவது அடியில் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை பதறிப்போய் முள்ளைத் திருப்பினார். எட்டு இருபது. மீசை சோகமாகத் தொங்கியது. இன்னும் பதறி இந்தப் பக்கம் திருப்பினார். பத்து பத்து. மீசை முறுக்கிக்கொண்டு நின்றது!

பந்தியிலிருந்து சம்பந்தியம்மாவின் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். அவர் முகத்தில் மீசையே கிடையாது. கடிகாரத்தை நிதானமாகப் பார்த்தார்.

"இந்த வூட்ல மீச யாருக்குன்னு கரெக்டா கண்டுபுடிச்சுட்டாங்கப்பா!"

சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். தோள் குலுங்கியது. போச்சு, அழுகிறார்கள் என்று நினைத்தேன். முந்தானையை எடுத்தால், சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

"அன்னிக்குப் பாதி மூஞ்சிய வெட்டுனீங்க. இன்னிக்கு மீசையோட சேத்துக் குடுத்துட்டீங்க. நல்லா இருக்கு சம்பந்தி உங்க கணக்கு!"

என் கையைப் பிடித்து, தன் பக்கத்திலேயே இலை போட்டு உட்கார வைத்தார்கள். வடை மூன்று சாப்பிட்டேன்.

கடிகாரம் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. இப்போது அவர்களே தினமும் போன் பண்ணுகிறார்கள்.

"சம்பந்தி, மீச தொங்கிடுச்சு. டிபன் ஆச்சா?"

அப்படியென்றால் காலை எட்டு இருபது.

பதினேழு தலை எண்ணினேன். ஏழு கல் எண்ணினேன். கடிகாரத்துக்கு முள் ரெண்டு இருக்கும் என்பதை மட்டும் எண்ணவில்லை.

நேற்றுப் பேசும்போது சொன்னார்கள்: "உங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டுத் தரப் போறேன். நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புங்க."

தேடித் தேடி, நான் ஓரமாக நிற்கிற படத்தை அனுப்பிவைத்தேன்.