பாகற்காய் டின்னில் ஒரு பைலட்

சமையல் கற்றுக்கொள்ளவே கூடாது என்று நான் சபதம் எடுத்தது இரண்டாயிரத்து நாலாம் வருஷம், வங்காளத்து டாக்குரியாவில், மழை பிய்த்துக்கொண்டு கொட்டிய ஒரு சாயங்காலம். பீஷ்மர் எடுத்ததைவிடக் கடுமையான சபதம். பீஷ்மருக்காவது அரண்மனையில் சமைத்துப் போட ஆள் இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத்தான் என் மனைவி ஜகதாம்பாளின் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், வால்வு தேய்ந்துவிட்டது, கிட்னி இருக்கிற இருப்பில் ஆபரேஷன் தாங்காது, மாத்திரையை வைத்து ஓடுகிற வரைக்கும் ஓட்டலாம் என்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவள் டாக்டருக்கு நன்றி சொன்னாள். தெருவில் தேங்கிய தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்து, நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "நாளையிலேர்ந்து நீங்க சமையல் கத்துக்கணும்."

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. இவள் கிளம்ப ஏற்பாடு செய்கிறாள்.

அவளை உங்களுக்குத் தெரியாது. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எங்கேயும் போனவள் இல்லை. செய்யாறில் தங்கை கல்யாணத்துக்குப் போனபோதுகூட புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி, பருப்புப்பொடி ஒரு டப்பா வைத்துவிட்டு, கீழ்வீட்டில் சாதத்துக்கும் சொல்லி வைத்துவிட்டுத்தான் ஹௌராவில் ரயில் ஏறினாள். ஆகவே என் கணக்கு இது: எனக்கு ரசம் வைக்கத் தெரியாத வரைக்கும் அவளால் போக முடியாது. எமனே நேரில் வந்தாலும், "கொஞ்சம் உக்காருப்பா, இந்த மனுஷனுக்கு இன்னும் அடுப்பு பத்த வைக்கவே வரலை" என்று ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வைத்துவிடுவாள். அவன் தன் எருமையை டாக்குரியா மேம்பாலத்துக்கு அடியில் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடப்பான். எருமைக்கு மினிபஸ் ஹாரன்கூடப் பழகிவிடும்.

பாடம் ஆரம்பித்தது. கடுகு வெடித்ததும் நான் மேசைக்கு அடியில் பாய்ந்தேன். பாயசத்துக்கு உப்புப் போட்டேன். பெருங்காயத்தைக் கட்டியோடு எண்ணெயில் தள்ளினேன். அந்த வாசனைக்கு டாக்குரியா ஏரிக்கரை வரைக்கும் ஒரு காக்கைகூட உட்காரவில்லை. என் முதல் சாம்பாரை ஜன்னல் வழியாகக் கொட்டிய இடத்தில் கார்ப்பரேஷன் மரம் ஒன்று நின்றது. இன்றைக்கும் பட்ட மரமாக நிற்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள். ஒரு வாரத்தில் ஜகதா என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். "உங்களுக்கு வராது, விடுங்க" என்றாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே குதித்துக்கொண்டிருந்தேன். அவள் ஆயுளில் குறைந்தது பத்து வருஷத்தைக் கூட்டிவிட்டேன் அல்லவா.

ஜெயித்தவனுக்குப் பொழுது போக வேண்டும். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் மாதங்கி ஒரு விடுமுறைக்கு வந்துவிட்டுப் போனபோது, பெட்டி கனக்கிறது என்று பேரனின் பிளாஸ்டிக் கட்டைகளை விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒன்றின் தலையில் குமிழ், இன்னொன்றின் வயிற்றில் குழி, வைத்து அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். பெட்டியின் மேல் விண்கலத்தின் படம். அதைப் பார்த்துக் கட்ட உட்கார்ந்தேன். போதாத கட்டைகளைக் கிடர்பூர் ஃபேன்சி மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்துக் குடைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன்.

நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் கிடர்பூர் துறைமுகத்தில், எந்தக் கப்பல் எந்தத் துறையில் நிற்கணும் என்று ஒதுக்குகிற ஆபீஸில் இருந்தவன். கை பழகின பழக்கம் போகுமா? என் விண்கலத்துக்குச் சரக்குக் கிடங்கு இருந்தது. இதற்கு மேல் பாரம் ஏற்றாதே என்று காட்டும் வெள்ளைக் கோடு இருந்தது. ஏறி இறங்க ஏணி இருந்தது. ஜகதா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது என்னங்க?"

"விண்கலம். செவ்வாய்க்குப் போறது."

"இந்தச் சங்கிலி?"

"நங்கூரம்."

"ஆகாசத்துக்குத்தான் அடியே கிடையாதே. நங்கூரம் எதைப் பிடிச்சிட்டு நிக்கும்?"

இத்தனை வருஷ சர்வீசில் ஒரு கேப்டன்கூட என்னை இப்படி மடக்கியதில்லை. நான் ஒரு கட்டையை எடுத்து அழுத்தினேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எந்தத் துண்டு முக்கியம், எது இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்று விசாரித்தாள். இருமலுக்கு நடுவில் ஒரு பெண்பிள்ளை இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மஞ்சள் கண்ணாடிக் கூண்டு, இறக்கை மடக்கும் கீல், பின்னால் நெருப்புக் கக்கும் குழல், எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன். உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொன்ன அசுரன் ஒருவனாவது பிழைத்ததாகப் புராணம் உண்டா?

கட்டைவிரல் அளவு இருந்த பொம்மை மனிதனை அவள் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். "இவன் யாரு?"

பைலட் என்றேன். நம் ஹூக்ளி நதி மாதிரிதான், எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் வழிகாட்டப் பைலட் ஏறாமல் துறையை விட்டு அசையாது என்று விளக்கினேன். அவனை ஜாக்கிரதையாக அவன் இருக்கையிலேயே திரும்ப உட்கார வைத்தாள்.

மறுநாள் கண்ணாடிக் கூண்டைக் காணோம்.

"துவரம்பருப்பு டின்ல இருக்கு" என்றாள் கட்டிலில் படுத்தபடி. கட்டிலைச் சமையலறை வாசலுக்கு எதிரே இழுத்துப் போடச் சொன்னவள் அவள்தான். காற்று வருமாம். வழியெல்லாம் இறைத்து வைத்தால் காலில் குத்துகிறது, எது கீழே கிடந்தாலும் கையில் கிடைத்த டின்னில் போட்டுவிடுவேன் என்றாள். சரி, எடுத்துக்கொள்கிறேன் என்று டின்னைத் தூக்கினேன்.

"டின்னைக் கவிழ்க்கக் கூடாது. கையை விட்டுத் துழாவவும் கூடாது. புடைச்சு வச்ச பருப்பு. குறையக் குறைய தானா மேல வரும்."

"நீ ஒரு கைப்பிடிதானே சமைக்கிறே? இது தீபாவளிக்குத்தான் வரும்."

"அவசரம்னா நீங்களே ரெண்டு பிடி எடுத்து வேகப் போடுங்க."

நான் யோசித்தேன். கப்பலின் அடித்தட்டில் இருக்கும் பெட்டி வேண்டும் என்றால் மேலே கிடக்கும் மூட்டைகளை முதலில் இறக்க வேண்டும். துறைமுகச் சட்டம். ஆகவே பருப்பை வேக வைப்பது சமையல் ஆகாது. சரக்கு இறக்குதல். சபதத்துக்குப் பங்கமில்லை. இப்படி ஒரு வக்கீலை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருப்பவனை வெளியிலிருந்து யாரும் ஏமாற்றவே வேண்டாம்.

கூண்டு கிடைப்பதற்குள் கீல் போயிற்று. புளி ஜாடியில் என்றாள். வெந்த பருப்பு வீணாகாமல் புளியைக் கரைத்து விடலாமே, ஜாடியும் குறையுமே என்றாள். குழல் அஞ்சறைப்பெட்டியில், கடுகுக்கு அடியில். அடுத்த குழல் மிளகில். நான் தாளித்தேன், பொடித்தேன், கொதிக்க விட்டேன். எல்லாம் சரக்கு இறக்குதல்தான். பேச்சுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு அவள் ஒரு கரண்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால் உப்பு. இரண்டு தட்டு, தீயைக் குறை. விடாமல் தட்டினால் பொங்குகிறது, ஓடு. துறைமுகத்தில் கொடியசைத்துக் கப்பலைக் கொண்டுவருவது மாதிரி, படுத்த இடத்திலிருந்தே என்னைக் கொண்டுபோனாள்.

அடுத்த கோடையில் மொட்டை மாடியில் பாகற்காய் வற்றல் போட வைத்தாள். எனக்குச் சர்க்கரை. பாகற்காயைக் கண்டாலோ வாந்தி. கலியாணமான நாளிலிருந்து நான் வாயில் வைக்காத அந்தக் காயை என்னை வைத்தே வெட்டி, என்னை வைத்தே மோரில் ஊறப் போட்டு, என்னை வைத்தே காய வைத்து, பெரிய பிஸ்கட் டின்னில் அடைத்தாள். யார் சாப்பிடப் போகிறார்கள் என்றேன். இருக்கட்டும், கெடாது என்றாள்.

ஒருநாள் கீழ்வீட்டு ஷ்யாமல்தா படியேறி வந்தார். வங்கி வேலையில் தமிழர்களோடு பழகிப் பழகி எங்கள் ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறவர். முதல்நாள் கொடுத்தனுப்பியதைக் குடித்திருக்கிறார். கட்டிலருகே நின்று, பௌதி, அதாவது அண்ணி, உடம்பு தேறிவிட்டது, பழைய கை திரும்பிவிட்டது, நேற்றைய ரசம் பிரமாதம் என்று தமிழும் வங்காளமுமாகப் பாராட்டிவிட்டுப் போனார்.

ஜகதா என்னைப் பார்த்தாள். பரீட்சை முடிவு பார்த்த பிள்ளையின் தாயார் மாதிரி ஒரு பார்வை.

ஐயோ, கற்றுக்கொண்டுவிட்டேன். என்னையறியாமல் முழு ரசத்தையும் கற்றுக்கொண்டுவிட்டேன். உடனே மறந்தாக வேண்டும். அன்றைக்கே குழம்பில் உப்பை ஒருதரம் போட்டேன், திரும்ப ஒருதரம் போட்டேன். தட்டில் பிசைந்து அவளுக்கு ஊட்டினேன். அவள் முகம் மாறாமல் விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு."

"உப்பு கரிக்கலை?"

"கரிக்குது. ஆனா பதம் பாருங்க. புளி அடங்கியிருக்கு, பருப்பு குழைஞ்சிருக்கு, கருவேப்பிலை கருகலை. உப்பு ஒண்ணுதான் தப்பு. தெரியாதவங்க எல்லாத்தையும் தப்பா பண்ணுவாங்க. இது தெரிஞ்சவர் போட்ட உப்பு."

கரண்டியைத் தலைமாட்டிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். இனி தட்ட வேண்டிய அவசியமில்லை என்று அர்த்தம்.

"எனக்கு இப்ப பயம் விட்டுப்போச்சு" என்றாள்.

எனக்கு அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

நவராத்திரிப் பூஜைப் பந்தலுக்குத் தெருவில் மூங்கில் வந்து இறங்கிய வாரத்திலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. மாதங்கி வந்து தங்கினாள். டாக்டர் வந்தார், போனார். டாக் மேளம் ஜன்னலைத் தட்டிய ஒரு பிற்பகலில் நானும் அவளும் தனியாக இருந்தோம். மிச்சமிருந்த கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"பாரு, நீ போனா நானும் பின்னாலயே வந்துடுவேன்."

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "பைலட் இல்லாம எப்படிக் கிளம்புவீங்க?"

அலமாரி மேல் இருந்த விண்கலத்தைப் பார்த்தேன். எல்லாம் கட்டி முடித்து நின்றது. மஞ்சள் கூண்டுக்குள் இருக்கை மட்டும் காலி.

"எங்கே அவன்?"

"பாகற்காய் டின்ல. அடியில."

"ஜகதா, எனக்குப் பாகற்காய்..."

"டின்னைக் கவிழ்க்கக் கூடாது" என்றாள்.

அம்மனை ஆற்றில் கரைத்துவிட்டு வந்து தெருவில் பந்தல் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில், தட்டில் இருந்த பாதிக் கஞ்சியை வேண்டாம் என்று கையால் தள்ளினாள். அவள் பாதியில் விட்ட வேலை அது ஒன்றுதான்.

காரியங்கள் முடிந்ததும் மாதங்கி பெங்களூருக்கு வந்துவிடச் சொன்னாள். ஷ்யாமல்தா வீட்டில் இரண்டு வேளையும் சாப்பாடு அனுப்புகிறோம் என்றார்கள். வேண்டாம், எனக்கு இறக்க வேண்டிய சரக்கு இருக்கிறது என்றேன். துக்கத்தில் பேத்துகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

கையை விட்டுத் துழாவியிருக்கலாமே என்பீர்கள். துழாவியிருக்கலாம். கேட்க ஆளில்லை. ஒரு சொல்லை மீறுவதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்பது எனக்கே புதிது.

ஆகவே முறையாகத் தின்று இறக்கினேன். காலையில் வறுவல். மத்தியானம் வற்றல் குழம்பு. ராத்திரி பொடித்துச் சாதத்தில். கிளம்புகிற அவசரம் எனக்கு. முதல் வாரம் ஒவ்வொரு கவளத்துக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. கசப்புக்கு என்று சொல்லிக்கொண்டேன். பிறகு கசப்பு பழகிவிட்டது. தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. குனிந்து டின்னைப் பார்ப்பேன். அலமாரியில் விண்கலத்தைப் பார்ப்பேன். நங்கூரச் சங்கிலி காற்றில் ஆடும். பொறு, ஆள் வந்துகொண்டிருக்கிறான் என்பேன்.

குளிர் போய்ப் புழுக்கம் வந்த சமயத்தில் அடித்தகரம் தெரிந்தது. கடைசி வற்றலையும் எடுத்து வறுத்துத் தின்றுவிட்டு, முதல் தடவையாக டின்னைக் கவிழ்த்தேன். தட்டினேன். கொஞ்சம் உப்புத்தூள் விழுந்தது. பைலட் இல்லை.

வெகுநேரம் அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாதங்கி போனில் தொணதொணத்ததற்காக டாக்டரிடம் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். ஜகதாவைப் பார்த்த அதே டாக்டர். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து வந்து கை குலுக்கினார். சர்க்கரை மொத்தமும் இறங்கிவிட்டதாம், என்ன மந்திரம் செய்தீர்கள், இன்னும் பத்து வருஷத்துக்கு உங்களை அசைக்க முடியாது என்றார்.