உங்கள் பேரில் நான் வாங்கிய பொன்னாடை

ரிஷிவந்தியம்,
வெள்ளிக்கிழமை, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு.

மதிப்பிற்குரிய சம்பந்தி வேடியப்பன் அவர்களுக்கு, காசிநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் இரண்டு கறவை மாடுகளும் சௌக்கியம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளை தமிழழகனும், மலையில் மழையும், சாமை வெள்ளாமையும் சௌக்கியமாய் இருக்கக் கடவுள் துணை. என் மகள் சந்தியா தங்கள் வீட்டுக்கு மருமகளாய் வந்து நாலு வருடம் ஆகிறது. இதுவரை தங்களுக்கு ஒரு வரி எழுதாதவன், தங்கள் முகத்தைக்கூடப் பார்க்காதவன், எடுத்ததும் 'சம்பந்தி' என்று எழுதலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் என்னவென்றால், இத்துடன் ஒரு பொன்னாடையும் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும் அனுப்பியிருக்கிறேன். சான்றிதழில் 'சிறந்த வாசகர் திரு. வேடியப்பன், வெள்ளிமலை' என்று இருக்கும். தாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. எல்லாம் நான் செய்ததுதான்.

சந்தியா புத்தகம் எழுதியது தங்களுக்குத் தெரிந்திருக்கும், தங்கள் வீட்டில் உட்கார்ந்துதானே எழுதியது. எனக்கு எங்க ஊர் பஸ் கண்டக்டர் ஜெயப்பிரகாஷ் சொல்லித்தான் தெரியும். அவன் டிக்கெட் கிழித்துக்கொண்டே, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "மாமா, உங்க பொண்ணு புக்கு படிச்சேன். பத்தாவது பன்னெண்டாவது படிக்கிற பசங்களுக்கு எழுதினதாம், நானே ரெண்டு ஸ்டாப்புல விசில் குடுக்க மறந்துட்டேன். அதுல வர்ற ராசா அப்படியே நீங்கதான்" என்றான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கோபித்துக்கொண்டு போன பெண்ணாக இருந்தாலும் அப்பனை ராசாவாக்கியிருக்கிறதே என்று, பால் சொசைட்டியில் நாலு பேரிடம் நானே சொன்னேன், சலூனுக்குப் போய் மீசையைக்கூடத் திருத்திக்கொண்டேன். மூணாம் நாள் ஜெயப்பிரகாஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, ராசான்னா நீங்க நினைக்கிற ராசா இல்ல. எதுக்கும் ஒரு தடவை படிச்சிடுங்க" என்றான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. போய் ஒன்று வாங்கி, வீடு வரைக்கும் தாங்காமல் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து படித்தேன். கிரேக்க தேசத்துப் பழங்கதையாம், மூவாயிரம் வருஷத்துக்கு முந்தியதாம். ட்ராய் என்ற ஊர் மேல் சண்டைக்குக் கிளம்பின கப்பலெல்லாம் காற்று இல்லாமல் கரையிலேயே நிற்கிறது. ராசாவோட மகளைப் பலி குடுத்தாத்தான் காற்று அடிக்கும்னு குறி சொல்றவன் சொல்லிடறான். ராசா இன்னா பண்றாரு, உனக்குக் கல்யாணம் பேசிட்டேன், கிளம்பி வான்னு மகளுக்குப் பொய்யா ஒரு கடிதாசி எழுதறாரு. அந்தப் பொண்ணும் அம்மாவைக் கூட்டிக்கினு, கல்யாணப் புடவையெல்லாம் எடுத்துக்கினு, சிரிச்சிக்கினே வருது. அந்தப் பொண்ணுக்குத் தலை பின்னி விடற வேலைக்காரப் பொண்ணு கிளேயா சொல்ற மாதிரி சந்தியா எழுதியிருக்கு. கடைசியில ஒரு தேவதை பலிபீடத்துல மானை வெச்சிட்டு பொண்ணைத் தூக்கிக்கினு போயிடுது. எங்கேயோ தூர தேசத்துல அது உசுரோட இருக்குது, அப்பனுக்கு மட்டும் தெரியாது. பலி குடுக்கிற நேரத்துல ராசா முகத்தைத் துணியால மூடிக்கிறாரு. 'அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது' அப்படின்னு கிளேயா சொல்லுது. அங்கே நிறுத்திட்டுதுங்க. அழுதாருன்னு ஒரு வரி எழுதினா இன்னா குறைஞ்சிடும்? பக்கத்துல தர்பூசணி வித்துக்கினு இருந்த அம்மா என்னைப் பாத்து, "இன்னா பெரியவரே, ரிசல்ட்டு போயிடுச்சா?"ன்னு கேட்டுட்டு ஒரு துண்டு குடுத்தாங்க.

உங்களுக்குத் தெரியாததா. மலைக்காரப் பையன்னு சொல்லி ஒரு வருசம் மாட்டேன்னு நின்னேன். அப்புறம் போன் போட்டு, "சரி பாப்பா, உன் இஷ்டம்தான், கிளம்பி வா, நாள் குறிக்கலாம்"னு கூப்பிட்டேன். அது நம்பி ஸ்வீட்டு பாக்கெட்டோட வந்தா, இங்கே எலவனாசூர்கோட்டை மாப்பிள்ளை வூட்டுக்காரங்க தாம்பாளத்தோட உக்காந்திருக்காங்க. என் பொண்டாட்டி அம்சவள்ளி பின்கதவைத் திறந்து விட்டா. கரும்புத் தோட்டத்து வழியா ஓடிச்சி பாப்பா. அதுக்கப்புறம் அம்சவள்ளி எங்கூட ரெண்டே வார்த்தைதான் பேசுவா. "சோறு இருக்கு." "மாடு கத்துது."

இப்ப சொல்லுங்க, இந்தப் புத்தகத்தை ஊருக்காரன் படிச்சா நான் தெருவுல நடக்க முடியுமா? அதனால கடையில இருந்த மொத்தத்தையும் நானே வாங்கிட்டேன். அந்தக் கடையில இருந்த நிர்மலான்னு ஒரு பொண்ணு, "ஐயா, வாசிப்புல இவ்ளோ ஆர்வமா! பேரு சொல்லுங்க, எழுதி வெச்சிக்கிறேன்"னு கேட்டுது. என் பேர சொன்னா மாட்டிக்குவேனேன்னு வாய் குழறி, 'வேடியப்பன், வெள்ளிமலை'ன்னு வந்துடுச்சி. நாலு வருசமா மனசுக்குள்ள திட்டிக்கினு இருந்த பேருங்க, அதான் முன்னாடி வந்து நின்னுடுச்சி. தீந்துடுச்சேன்னு அவங்க மறுநாள் ரெண்டு மடங்கா வரவழைச்சாங்க. அதையும் வாங்கினேன். அதுக்கு மறுநாள் வாசல்லயே போர்டு வெச்சிட்டாங்க, 'வந்தவுடன் தீர்ந்துபோகும் நாவல்'னு. அதைப் பாத்துட்டுக் கூட்டம் வந்துடுச்சி. இந்த ஜில்லாவுலயே என் பொண்ணு புத்தகத்தை ஓட வெச்சது நான்தான். மோட்டார் கொட்டாயில மூட்டையா அடுக்கியிருக்கேன். செவலைப் பசு ஒரு புத்தகத்தை இழுத்து அட்டையில இருந்த ராசாவைத் தின்னுடுச்சி, மீதியைத் துப்பிடுச்சி.

கடைசி நாள், ஆளு குறைஞ்சிருக்கும், மிச்சத்தையும் தூக்கிடலாம்னு போனேன். நிர்மலா கையைப் பிடிச்சி முன்வரிசையில உக்கார வெச்சிட்டுது. மேடையில பாத்தா, சந்தியா. இளைச்சிப் போயிருந்திச்சி. கண்ணாடி போட்டிருந்திச்சி, அது எப்ப போட்டுதுன்னு எனக்குத் தெரியாது. எழுந்து வெளியே போயிடலாம்னு வேட்டியை இழுத்துக் கட்டறேன், மைக்குல கூப்பிட்டுட்டாங்க. "சிறந்த வாசகர், வெள்ளிமலை வேடியப்பன் ஐயா மேடைக்கு வரவும். நாவலாசிரியரே பொன்னாடை போத்துவாங்க." அதைக் கேட்டதும் பாப்பா முகம் மலர்ந்து போச்சிங்க. "எங்க மாமா வந்திருக்காரா?"ன்னு எட்டி எட்டிக் கூட்டத்தைப் பாத்துது. என்னைப் பாத்து அப்படி ஒரு முகம் மலர்ந்து எத்தினி வருசம் ஆச்சி. அந்த இடத்துல எனக்கு உங்கமேல பொறாமையா இருந்திச்சி, மன்னிச்சிடுங்க.

ரெண்டு பேரு என் முதுகுல கை குடுத்து ஏத்தி விட்டுட்டாங்க. பாப்பா என்னைப் பாத்துது. முகம் அப்படியே அடங்கிப் போச்சி. இவரு அவரு இல்லன்னு சொல்லும்னு நினைச்சேன். சொல்லல. பொன்னாடையைப் பிரிச்சி என் தோள்ல போட்டுது. போடும்போது காதுகிட்ட வந்து, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "அம்மா கடைசியா இன்னா சொல்லிச்சி?"ன்னு கேட்டுது.

"தண்ணி கேட்டா"ன்னேன்.

போட்டோக்காரரு, "ஐயா, கொஞ்சம் சிரிங்க"ன்னாரு. சிரிச்சேன்.

போன தை மாசம் அம்சவள்ளி போனப்ப நான் யாரையும் உங்க வூட்டுக்குச் சேதி சொல்ல விடல. எப்படியோ தெரிஞ்சி பாப்பா வந்து ஏரிக்கரையிலயே நின்னுதாம், நீங்களும் பக்கத்துல துண்டைக் கையில எடுத்துக்கினு நின்னீங்களாம். நான் திரும்பிப் பாக்கல. இப்ப உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், வேற யாருக்கும் சொன்னதில்ல. அம்சவள்ளி தண்ணி கேக்கலங்க. காலையில ஏழு மணி பஸ்ஸு ஆரன் அடிச்சிது. "பாப்பா வந்துட்டாளா?"ன்னா. நான், "வந்துகினு இருக்கா"ன்னேன். போனு என் சட்டைப் பையிலதான் இருந்திச்சி. பண்ணல. மலையிலேர்ந்து வர மூணு மணி நேரம் ஆவுமா? சாயந்திரம் வரைக்கும் அவளுக்கு உசுரு இருந்திச்சிங்க. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கேட்டா. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நான் அதையே சொன்னேன். நாலு வருசத்துல அவ எங்கிட்ட அவ்ளோ பேசினது அன்னிக்குத்தான்.

இதை மனசுல வெச்சிக்கினு என்னால மாடு கறக்க முடியல, அதான் உங்க தலையில இறக்கி வெச்சேன். தயவுசெய்து பாப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம். தண்ணி கேட்டதாகவே இருந்துட்டுப் போகட்டும். பொன்னாடையைத் தாங்கள் போர்த்திக்கொள்ளவும். மலையில் குளிர் ஜாஸ்தி என்று கேள்வி. மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் என் வணக்கம். எல்லோரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
காசிநாதன்

பின்குறிப்பு: ஜெயப்பிரகாஷுக்கு இந்த மாசம் வெள்ளிமலை ரூட். உங்களுக்குக் கண்ணுல புரை எடுத்திருக்காங்க, ஒரு மாசத்துக்கு எதையும் படிக்கக் கூடாது, பேப்பர்லேர்ந்து மாத்திரை அட்டை வரைக்கும் மருமகதான் படிச்சிக் காட்டுதுன்னு அவன் வந்து சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். பாப்பா, எந்த இடத்துல உன் குரல் நின்னு போச்சோ, அங்கேயிருந்து மறுபடியும் படி. மாமாவும் கேக்கட்டும்.