பர்மா முடிச்சு

காஞ்சிபுரத்தில் இட்லி தின்றால்கூட அதில் பர்மா தெரியும்படி தின்றவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தெரு பர்மாக்காரர். அவர் இரண்டு முறை தும்மினால் அது பர்மாத் தும்மல். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினால் பர்மாக் கட்டு. ஒரு நாள் பல் வலியென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பர்மாவில் பெரியவர்களுக்கு இப்படித்தான் மரியாதை செய்வார்கள் என்று தெரு முடிவு கட்டி, இரண்டு பேர் பதிலுக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அறுபதுகளில் பர்மாவிலிருந்து தமிழர்கள் மூட்டை முடிச்சோடு கப்பலேறி வந்தார்கள் அல்லவா, அந்த அலையில் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்து எங்கள் எதிர் வீட்டில் குடியேறினார். கையில் ஒரு தகரப் பெட்டி, கக்கத்தில் பூப்போட்ட ஒரு பர்மாக் குடை. அது போதாதா? மறுநாள் காலை அவர் வாசலில் ஏழெட்டு ஓட்டைக் குடைகள் வந்து சாய்ந்தன. மனிதர் ரங்கூனில் அரிசி மில் குமாஸ்தா. குடையை விரிக்கவும் மடக்கவும் தெரியும், அவ்வளவுதான். சொல்லிப் பார்த்தார். பர்மாக்காரருக்கு அடக்கம் அதிகம் என்று பாராட்டிவிட்டு, குடைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாவம், ஒரு குடையைப் பிரித்துப் போட்டு மூன்று நாள் மல்லுக்கட்டி, கடைசியில் அந்தத் தொழிலையே கற்றுக்கொண்டார். நல்லவேளை, கப்பலிலிருந்து கிளியோடு இறங்கவில்லை. இறங்கியிருந்தால் ஆயுசு முழுக்க எங்களுக்கு ஜோசியம் சொல்லியிருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய அப்பா பக்கத்துத் தாமல் கிராமத்துக்காரர். ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறியவர். இதைச் சொன்னால் தெரு நம்பாது. நம்பாதவர்களில் முதல் ஆள் பெத்தண்ணா, எங்கள் தெருவின் பெரிய மனிதர். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. அடுத்த வீட்டில் கன்னடம். என் பாட்டனாரின் பாட்டனார் எங்கிருந்து தறியைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று எனக்கே தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் வெளியூர்க்காரர் என்று ஒருவர்தான் இருந்தார்.

எங்கள் பஜனை கோயில் ராமநவமிக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஓர் ஆள் பந்தலில் நின்று நீர்மோர் ஊற்ற வேண்டும். யார் யார் என்று பலகையில் எழுதி வைப்போம். பலகையில் பெயர் இருந்தால் தெருக்காரர். இல்லையென்றால் குடித்துவிட்டுப் போகிறவர். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று பலகையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. பர்மாக்காரர் ஒவ்வொரு வருஷமும் வந்து பலகையை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படிப்பார். பிறகு ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவார்.

ஏழாவது வருஷம், தன் பெயர் ஏன் பலகையில் இல்லை என்று பெத்தண்ணாவிடம் கேட்டே விட்டார்.

"நீங்க விருந்தாளிபா. விருந்தாளிய வேலை வாங்குனா நல்லாவா இருக்குது?" என்றார் பெத்தண்ணா.

"ஏழு வருஷமாவா விருந்தாளி?"

கேட்டுவிட்டு அவர் பலகையை இன்னொரு முறை பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சாக்பீஸ்தான் என் கையில் இருந்தது, அதிகாரம் இல்லை.

அன்றைக்கே ராமர் புறப்பாடு தெரு முனைக்கு வந்தபோது வேகவதி ஆற்றுப் பக்கமிருந்து ஒரு சூறைக்காற்று அடித்தது. பெருமாள் குடையின் மூங்கில் கம்புகளில் துணியைப் பிடித்திருந்த பட்டு இழைகள் பாதிக்கு மேல் அறுந்து, குடை ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. சுள்ளென்ற வெயில் ராமர் தலையில். குடையில்லாமல் சாமி நகரக் கூடாது. நாற்பது நெசவாளர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். பர்மாக்காரரைக் கூப்பிடச் சொல்லிப் பெத்தண்ணாவே ஆள் விட்டார்.

அவர் வந்தார். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் பட்டு இழையும் ஒரு பிடி அடுப்புச் சாம்பலும் கேட்டு வாங்கினார். விரலில் சாம்பலைத் தொட்டு, அறுந்த நுனியோடு புது இழையைச் சேர்த்து ஒரே முறுக்கு. அடுத்தது, ஒரே முறுக்கு. பழைய பாவு நூல் தீரும்போது புதுப் பாவு நூலைத் தறியில் பிணைப்பது இப்படித்தான். அங்கே நின்ற ஒவ்வொருவரும் பிறந்ததிலிருந்து பார்த்த வேலை. எங்கள் ஜன்னலோரத் தறியில் என் அப்பா இதைச் செய்வதை அவர் எதிர் வீட்டிலிருந்து ஏழு வருஷம் பார்த்திருக்கிறார்.

"பாத்துக்கோங்கபா, இதான் பர்மா முடிச்சு. நம்மூர்ல எவனுக்கு வரும்?" என்றார் பெத்தண்ணா. நாற்பது நெசவாளர்களும் தலையாட்டினார்கள்.

என் அப்பா வாயைத் திறந்தார். பர்மாக்காரர் தலை நிமிராமல் அவருக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "சும்மா இருண்ணா. உன் முடிச்சுன்னு தெரிஞ்சா என் கையில மோர்க் கரண்டி குடுப்பாங்களா?"

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

குடை எழுந்தது, ராமர் நகர்ந்தார். என்ன வேணும் கேளுங்க என்றார் பெத்தண்ணா. மோர் ஊற்ற வேண்டும் என்றார் அவர். பெத்தண்ணா நகர்ந்து போகும் குடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எழுதுபா" என்றார். நான் அவருடைய பெயரைக் கேட்டு, முத்துப்போல் எழுதினேன். பெத்தண்ணா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இது யாரென்று தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது, பர்மா வீடு என்று எழுது என்றார். எனக்குச் சுருக்கென்றது. சாக்பீஸோடு பர்மாக்காரரைப் பார்த்தேன்.

"எழுது தம்பி. அங்க நாப்பது வருஷம் எங்கள 'கலா'ன்னு கூப்பிட்டுக்கினு இருந்தானுங்க, வெளியாளுன்னு. இங்க வீட்டுக்கே பேர் வெச்சிட்டாங்க" என்றார்.

அன்று அவர் ஊற்றிய மோரைப் போல் காஞ்சிபுரம் கண்டதில்லை. குடித்துவிட்டுப் போனவர்களைத் துரத்திப் பிடித்து ஊற்றினார். திருமுக்கூடலிலிருந்து வந்த ஒருவர் மூன்றாவது டம்ளரில் மூச்சு வாங்கிக்கொண்டு, இவர் எந்த ஊர் ஆள் என்று விசாரித்தார். பெத்தண்ணாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்த ஊரா? எங்க தெருபா அவரு."

பர்மாக்காரர் மோரை டம்ளருக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை.

பிறகு பெத்தண்ணாவின் கட்டளைப்படி, தெருவின் வாலிபர்களுக்கெல்லாம் அவர் பர்மா முடிச்சு கற்றுக்கொடுத்தார். அவரவர் அப்பா செய்வதையே அவரிடம் பயபக்தியோடு கற்றுக்கொண்டார்கள். அவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். என்னிடம் யாராவது விலாசம் கேட்டால் இன்னமும் கதவு எண் வாயில் வருவதில்லை. பர்மா வீட்டுக்கு எதிர் வீடு என்கிறேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.